கிணற்றில் போட்ட பெரிய கதை

அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் வந்தது. மேலே அப்பாவின் படம். கல்லூரி அடையாள அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கி, சட்டைக்கு நீல நிறம் வேறு பூசியிருக்கிறீர்கள். அவர் ஆயுசில் நீலச் சட்டை போட்டதில்லை. நடுவில் ‘நம் மண்ணின் எழுத்தாளர்’ என்று கொட்டை எழுத்து. ஊர் நுழைவில் அவர் பெயரால் வளைவு திறக்கிறீர்களாம். அதற்குக் கீழே வாழ்க்கைக் குறிப்பு: ‘பதினொரு அரிய சிறுகதைகளைப் படைத்த இவர், குடும்பச் சூழல் காரணமாக எழுதுவதை நிறுத்திக்கொண்டார்.’

அந்த வரியை நாலு தடவை படித்தேன். நாலாவது தடவை போனைச் சோபாவில் எறிந்தேன்.

பெரியப்பா மக்களே, பங்காளி வீட்டுப் பிள்ளைகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எல்லோருக்கும் அறுபது தாண்டிவிட்டது. முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, பேரன் பேத்தி படத்தைக் குரூப்பில் போட்டுக்கொண்டு இருக்கிறோம். விழா மலருக்கு ‘நல்ல நினைவா ரெண்டு பக்கம்’ வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். நல்ல நினைவு என்னிடம் கிடையாது. என்னிடம் இருப்பது ஒரு கோடை லீவு. எனக்குப் பத்து வயசு. அதில் நீங்களும் இருக்கிறீர்கள்.

அப்பா பசுமலையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கிளார்க். குடியிருந்ததும் அங்கேதான், வாடகை வீட்டில். ஆனால் கதை எழுத மட்டும் அலங்காநல்லூருக்கு வடக்கே, நம் ஊருக்கு, பெரியப்பா வீட்டுக்கு வருவார். சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறி, ஞாயிறு காலையில் எழுதி, சாயங்காலம் திரும்பிவிடுவார். “பசுமலையில உக்காந்தா எனக்கு ஆபீஸ் தமிழ்தான்டி வருது” என்று அம்மாவிடம் சொல்வார்.

அவர் எழுதிய நோட்டு கடையில் வாங்கியதில்லை. பரீட்சை எழுதிய பிள்ளைகள் வெற்றாக விட்ட தாள்களைச் சேர்த்து, விடைத்தாள் கட்டுகிற வெள்ளை நூலால் அவரே தைத்தது. தொழுவத்தை ஒட்டிய அறையில் சாக்கை விரித்து உட்கார்ந்துகொள்வார். மை வாசமும் சாணி வாசமும் சேர்ந்து ஒரு வாசம் வரும். இன்றைக்கும் எங்காவது தொழுவத்தைக் கடந்தால் எனக்கு மை ஞாபகம் வருகிறது. எழுதும்போது அவர் வாய் அசையும். ஆள் ஆளாகப் பேசிப் பார்த்துத்தான் எழுதுவார். நீங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, “சித்தப்பாவுக்குப் பேய் பிடிச்சிருச்சு” என்று சிரிப்பீர்கள். இப்போது வளைவு கட்டுகிறீர்கள்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. முதல் படியில் ஊர்க்காரர்களின் நிஜப் பெயர்களையே வைத்து எழுதுவார். “பேர மாத்துனா வாயத் தொறக்க மாட்டேங்கிறாய்ங்க” என்பார். பத்திரிகைக்கு அனுப்ப நகல் எடுக்கும்போதுதான் ஒவ்வொரு பெயராக மாற்றுவார். பத்து கதைகள் அப்படித்தான் போய்ச் சேர்ந்தன. ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஊரில் கதை படிக்கிற ஆளும் கிடையாது.

பதினொன்றாவது கதைதான் வினை.

அதைச் சொல்ல அத்தையைச் சொல்லியாக வேண்டும். பெரியப்பாவுக்குத் தங்கை, அப்பாவுக்கு அக்கா. வேறு சாதிக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு செல்லூரில் போய் இருந்தாள். மாமா அங்கே தையல் கடை வைத்திருந்தார். அவள் போன அன்றைக்கே பெரியப்பா கிணற்றடியில் தலை முழுகிவிட்டார். “எனக்குத் தங்கச்சி இல்ல” என்றார். அப்பாவும் பக்கத்தில் நின்று முழுகினார். அப்போது நான் கைக்குழந்தை. அதற்கப்புறம் ஒன்பது வருஷம், பசுமலையிலிருந்து செல்லூருக்கு ஒரு டவுன் பஸ் தூரத்தை அப்பா போகவில்லை. அண்ணன் மூஞ்சி கோணிவிடும் என்கிற பயம். அக்கா வீட்டு வாசலுக்குப் போகத் துப்பில்லாத மனுஷன், அதை ஒரு கதையாக எழுதினார்.

கதை இதுதான். ஓர் அண்ணன் சாகக் கிடக்கிறான். துரத்திவிட்ட தங்கச்சியைப் பார்க்க வேண்டும் என்று கண்ணால் கேட்கிறான். வீட்டில் ஒருவரும் போய்ச் சொல்ல முன்வரவில்லை. அவள் வந்து சேரும்போது பாடை சுடுகாட்டுக்குப் போய்விட்டது. அவ்வளவுதான். நல்ல கதை.

நகல் எடுக்கும்போது பெயரை எல்லாம் மாற்றியவர், அண்ணனுக்கு ஊர் வைத்திருந்த பட்டப்பெயரை மாற்றாமல் விட்டுவிட்டார். அந்தப் பட்டப்பெயர் உங்களுக்குத் தெரியும்; நான் இங்கே எழுதவில்லை. கைத்தவறு என்று அப்பா சத்தியம் செய்தார். நான் நம்பவில்லை. பத்து கதையில் தவறாத கை பதினொன்றில் மட்டும் எப்படித் தவறும்?

அந்த வாரப் பத்திரிகை செல்லூர் தையல் கடைக்கும் போனது. மாமா சத்தம் போட்டு வாசித்திருக்கிறார். அத்தை ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். பட்டப்பெயர் வந்தது. நம் தோப்பும் வாய்க்காலும் வந்தன. எழுதியது கூடப்பிறந்த தம்பி. அவன் பெயர் மேலேயே அச்சடித்திருக்கிறது. கதை என்று மாமா எவ்வளவோ சொல்லியிருக்கிறார். “எந்தம்பி பொய்யெல்லாம் எழுத மாட்டான். நேருல வந்து சொல்ல மாட்டாம பேப்பர்ல போட்டுச் சொல்லிவிட்டுருக்கான்” என்று ஊசியைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டாள். தம்பியை எவ்வளவு சரியாகப் புரிந்து வைத்திருந்தாள் பாருங்கள்.

வியாழக்கிழமை காலை. லீவுக்கு நானும் அம்மாவும் பெரியப்பா வீட்டில்தான் இருந்தோம்; அப்பா மட்டும் பசுமலையில். அத்தை பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலேயே தலைமுடியை அவிழ்த்துவிட்டு, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். நம் ஊர்ப் பெண்களைத்தான் தெரியுமே. அழுதுகொண்டு ஒருத்தி தெருவில் வந்தால், யார் செத்தது என்று கேட்பதற்கு முன்னால் கட்டிப்பிடித்து நாலு வரி பாடிவிடுவார்கள். அப்படி மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். பின்னால் மாமா சம்பங்கி மாலையைத் தூக்கிக்கொண்டு, நடப்பதா நிற்பதா என்று தெரியாமல் வந்தார். நாம் எல்லோரும் புளிய மரத்தடியில் இருந்து ஓடினோம். முதலில் ஓடியது பெரியப்பாவின் மூத்த மகன். ஒரு கையில் பம்பரம் இருந்தது.

சத்தம் கேட்டு வீட்டு வாசலுக்கு வந்து நாவிதர் நின்றுகொண்டிருந்தார். சாவு வீட்டில் முதலில் வந்து நிற்கிற ஆள் அவர்தான். அவரைப் பார்த்ததும் அத்தைக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. “எங்கண்ணே... ஏ ராசா” என்று அலறிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள்.

பெரியப்பா முக்காலியில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகம் சோப்பு நுரை. ஒரு பக்கத்து மீசை ஒதுக்கியாகிவிட்டது, மறுபக்கம் பாக்கி.

அத்தை நின்றாள். பார்த்தாள். பிறகு அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கப்புறம் யார் முகத்திலும் பார்த்ததில்லை. “அண்ணே! இருக்கியாண்ணே? இருக்கியா?” என்று சொல்லி அப்படியே காலில் விழுந்தாள்.

பெரியப்பா எழுந்து நின்றார். நுரை தாடையில் வழிந்தது. அவருடைய வலது கை மெதுவாகக் கீழே இறங்கி, அத்தையின் தலைக்கு ஒரு சாண் மேலே வந்தது. நான் பார்த்தேன். நான் மட்டும்தான் அவ்வளவு கிட்டே இருந்தேன்.

அதற்குள் பெரியம்மா சத்தம் போட்டாள். “உசுரோட இருக்க மனுசனுக்கு மாலை கட்டிக் கொண்டாந்துருக்காளே பாவி! எங்கழுத்துத் தாலியக் கண்டு எரிச்சலா?”

கை மேலே போய்விட்டது. “அந்த மாலையத் தூக்கி வெளிய எறிங்கடா” என்றார் பெரியப்பா. எறிந்தது யார் என்று எழுதமாட்டேன். மலர்க் குழுத் தலைவராக இருக்கிறார்.

அத்தையும் மாமாவும் வெயிலில் திரும்பிப் போனார்கள். நான் செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு ஓடினேன். என் அம்மா கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். “அங்கிட்டுப் போகாத” என்றாள். அம்மாவும் நல்லவள்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை அப்பா வந்ததும் பங்காளிகள் கூடிவிட்டார்கள். உயிரோடு இருக்கிறவரைச் சாகடித்துவிட்டான், சுற்றுப்பட்டு ஊரெல்லாம் கேலி பேசுகிறது என்பது குற்றம்.

“கதைண்ணே அது. கற்பனை” என்றார் அப்பா.

“கற்பனையில எம் பேரு எதுக்குடா?” என்றார் பெரியப்பா.

அப்போது பங்காளி ஒருவர், “இது பரவால்ல. இன்னும் ஊரு மொத்தத்தையும் வச்சுப் பெருசா ஒண்ணு எழுதிக்கிட்டிருக்காப்ல” என்று போட்டுக் கொடுத்தார்.

உண்மைதான். அப்பா அதைப் ‘பெரிய கதை’ என்றுதான் சொல்வார். ஏழு நோட்டு. நாலு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள். மதுரையில் ஒரு பதிப்பாளர் படித்துப் பார்த்துவிட்டு, ஆடிக்குள் முடித்துக் கொடுத்தால் புத்தகமாகப் போடுகிறேன் என்று சொல்லியிருந்தார். முடிய இன்னும் ஓர் அத்தியாயம்தான் பாக்கி. அந்த ஏழு நோட்டிலும் பெயர்கள் இன்னும் மாற்றப்படாமல் இருந்தன. அத்தனை பேரும் அவரவர் பெயரோடு அதற்குள் இருந்தார்கள்.

“இனிமே எழுதல. சாமி சத்தியமா எழுதல” என்றார் அப்பா. “ஆனா எழுதுனதத் தர மாட்டேன்.”

பெரியப்பா கொஞ்ச நேரம் துண்டை உதறி மடித்துக்கொண்டிருந்தார். “மொதல்ல நோட்டக் கொண்டாந்து வையி. அப்பறம் அவளச் சேக்குறதப் பத்திப் பேசுவோம்” என்றார்.

மறுநாள் சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அப்பா என்னைத் தொழுவத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வைக்கோல் பரணைக் காட்டி, “நோட்டு மேல இருக்கு. ஒருத்தர்ட்டயும் சொல்லக் கூடாது, என்னத்தா?” என்றார். நான் தலையாட்டினேன். அப்பா என்னை நம்பி ஒரு ரகசியம் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு ஒரு முழம் வளர்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

இரண்டு நாள் தாங்கினேன். மூன்றாம் நாள் பெரியப்பா என்னைத் தோப்புக்குக் கூட்டிப்போனார். மாம்பழத்தைக் கடித்துத் தோலைத் துப்பிவிட்டு எனக்குக் கொடுத்தார். “ஒங்கப்பன் நோட்ட எங்க வச்சிருக்கான்? அத மட்டும் கொண்டாந்து குடுத்துட்டேன்னு வையி, நாளைக்கே ஒங்க அத்தையக் கூட்டியாந்து இந்த வீட்ல ஒக்கார வைக்கிறேன்” என்றார்.

வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் அந்தக் கை இறங்கியதை நான் பார்த்திருந்தேன். அவருக்கு ஆசை இருக்கிறது, இந்த நோட்டுதான் குறுக்கே கிடக்கிறது என்று நினைத்தேன். பரணில் ஏறினேன். வைக்கோல் கழுத்தெல்லாம் அரித்தது. ஏழையும் பாவாடையில் போட்டுக் கட்டிக்கொண்டு இறங்கினேன். எடுத்துக் கொடுத்தது நான்தான். இதுவரை உங்களுக்குத் தெரியாதென்றால் இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

அதற்கப்புறம் நடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். கொளுத்திவிடலாம் என்றார் ஒரு பங்காளி. பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எழுத்து சரஸ்வதியாம், நெருப்பு வைத்தால் பிள்ளைகளுக்குப் படிப்பு வராதாம். அதனால் ஏழு நோட்டையும் மணையில் அடுக்கி, மஞ்சள் தெளித்து, குங்குமம் வைத்து, செவ்வரளி சாத்தி, சூடம் காட்டினார்கள். நாம் வரிசையாக நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டோம். அப்புறம் தாம்பாளத்தில் வைத்து எடுத்துப்போய்த் தோப்புக் கிணற்றில் விட்டார்கள். ஒரு மனுஷனின் நாலு வருஷத்தைக் கொன்றார்கள், அதையும் பயபக்தியோடு செய்தார்கள். நீங்கள் எடுக்கப்போகிற விழாவில் குத்துவிளக்கு ஏற்றப்போவது அன்றைக்குச் சூடம் காட்டிய அதே கைதான் என்று அழைப்பிதழில் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது அதனால்தான்.

நோட்டுகள் உடனே முழுகவில்லை. கல் கட்டலாம் என்றதற்கு, சரஸ்வதிக்குக் கல் கட்டுவார்களா என்று பெரியம்மா விடவில்லை. விரிந்துகொண்டு மிதந்தன. தண்ணீரில் நீலம் இறங்கியது. நான் பெரியப்பா வேட்டியைப் பிடித்து, “அத்தை நாளைக்கு எந்த பஸ்ல வரும்?” என்று கேட்டேன். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ சிரித்தார்கள். “சின்னப்புள்ளைக்கு எம்புட்டு வெவரம்!” என்றாள் பெரியம்மா. பெரியப்பா வேட்டியை விடுவித்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை. கிணற்றுக்குள் குழாயின் வாயில் இருக்கிற ஃபுட்வால்வில் தாள் அடைத்துக்கொண்டது. ஆளை இறக்கி வழித்துப்போட்டார்கள். வெளிர் நீலத்தில் கூழ், கூடை கூடையாக வந்தது. அதை உருண்டை பிடித்து ஒருத்தர் மேல் ஒருத்தர் எறிந்து விளையாடினோம். ஞாபகம் இருக்கிறதா? நானும் எறிந்தேன். என் சட்டையில் ஓர் உருண்டை பட்டு, அதில் ஒரு ‘க’ மட்டும் கரையாமல் ஒட்டியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை அப்பா வந்தார். சொன்னார்கள். கேட்டுக்கொண்டார். கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார். இரண்டாம் தடவை ரசம் வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் எழுதியதெல்லாம் கல்லூரியின் வருகைப் பதிவேடும் சம்பளப் பட்டியலும்தான். ஓய்வு பெறுகிற வரைக்கும் அந்தக் கை அழகாகக் கோடு போட்டது.

அத்தையை யாரும் கூட்டிக்கொண்டு வரவில்லை. பெரியப்பா நிஜமாகவே செத்தபோது செல்லூருக்குச் சொல்லி அனுப்பினீர்கள். அப்போது மட்டும் கூடப்பிறந்தவள் வேண்டியிருந்தது, ஊர் என்ன சொல்லும் என்று. போன ஆளிடம் அத்தை காபி கொடுத்துச் சொன்னாளாம்: “நான் எங்கண்ணனுக்கு அப்பவே அழுது முடிச்சிட்டேன். இன்னொரு தடவ அழுக எங்கிட்டத் தண்ணி இல்ல.” வரவில்லை. திமிர் பிடித்தவள் என்று பேசிக்கொண்டீர்கள். நான் அன்றைக்கு உங்களோடுதான் உட்கார்ந்திருந்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

அப்பா கடைசிக் காலத்தில் நாகமலை புதுக்கோட்டையில் என்னோடு இருந்தார். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் பழைய பத்திரிகைகளைத் தேடி, அந்தப் பதினொரு கதைகளையும் புத்தகமாக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். “நாவல் ஏதும் எழுதலையா ஐயா?” என்று கேட்டார். “இல்லைங்க” என்றார் அப்பா. பேராசிரியர் போனதும் என்னால் அடக்க முடியவில்லை. எனக்கு அப்போது ஐம்பது வயசு. நாற்பது வருஷமாகத் தொண்டையில் கிடந்ததைச் சொன்னேன்.

“அப்பா, அந்த நோட்டப் பரண்லருந்து எடுத்துக் குடுத்தது நாந்தான்ப்பா.”

அவர் புத்தகத்தின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். “தெரியும்த்தா” என்றார். “அதுக்குத்தானே உங்கிட்ட எடத்தச் சொன்னேன்.”

எனக்கு விளங்கவில்லை. அவரே மெதுவாகச் சொன்னார்: “அண்ணன் அன்னிக்கு அப்படிச் சொன்னாருல்ல, நோட்டு வந்தா அவளச் சேக்கலாம்னு. எங் கையால எடுத்துக் குடுக்க மனசு வரல. குடுக்காம இருக்கவும் மனசு வரல. உன்னால ரகசியம் காக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும்.” அதை ஏதோ எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி சொன்னார்.

நாற்பது வருஷம். கல்யாணத்தின்போது, பிள்ளை பெற்றபோது, அவருக்குச் சோறு போட்ட ஒவ்வொரு நாளும், அப்பாவின் எழுத்தைக் கொன்ற பாவி என்று நான் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் தெரிந்து.

“ஏம்ப்பா, இத ஒரு நாளாச்சும் எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?” என்றேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

“நீ கேக்கவே இல்லையேத்தா” என்றார்.

இரண்டு மாதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். பெரியப்பாமேல் எனக்கு இருக்கிற கோபம் ஊருக்கே தெரியும். உங்கள்மேல் இருப்பது இப்போது உங்களுக்கும் தெரியும். அவர்மேல் இருப்பதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் இன்னும் தெரியவில்லை. காரியம் முடிந்த பிறகு அந்தப் பதினொரு கதைகளையும் ஒரே மூச்சில் படித்தேன். அதில் மாடு மேய்க்கிறவன் பேசுகிறான், பஸ் கண்டக்டர் பேசுகிறான், சாகக் கிடக்கிறவன் கண்ணால் பேசுகிறான். குழந்தைகளும் வருகிறார்கள், தண்ணீர் கொண்டுவருகிறார்கள், ஆளைக் கூப்பிடப் போகிறார்கள், சொன்ன வேலையைச் செய்கிறார்கள். பதினொன்றில் ஒன்றில்கூட ஒரு குழந்தை வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. போய்ப் பாருங்கள்.